பாத்ரூம் சுவரில் இருப்பது மணல் ஈயா?

கேள்வி: ஐயா, நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து வீட்டு மாடியில் பீகாரைச் சேர்ந்த 7 பேர் அறை எடுத்துத் தங்கிக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அதில் ஒரு பையனுக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு மாதமாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் ‘காலா அசார்’ என்று சொல்லிவிட்டார்களாம். மணல் ஈ கடித்துப் பரவுகிற நோய், நாய்க்கும் வரும், பிள்ளைகளுக்கு வந்தால் 2 நாள்கூடத் தாங்காது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. இது பீகார் நோய் என்று சொல்லி, அவர்களைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுக்கத் தெருவில் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கள் பாத்ரூம் சுவரில் தினமும் பத்துப் பதினைந்து குட்டிப் பூச்சிகள் மயிர் மயிராக உட்கார்ந்திருக்கின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வீடு தள்ளி மாட்டுக்கொட்டகை வேறு. என் மகளுக்கு 6 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேடு கடற்கரை மணலில்தான் விளையாடுவாள். இனி அழைத்துப் போகலாமா? நான் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: அன்புள்ள சகோதரி, கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைப் பூச்சியிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன். முப்பது வருடம் பூச்சி பிடித்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் எனக்கு அப்படித்தான் வரும்.

நீங்கள் அனுப்பிய 3 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் இருப்பது சாக்கடை ஈ. சிறகை விரித்துச் சுவரோடு அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். விரலால் நசுக்கினால் சாம்பல் மாதிரி தூள் ஒட்டும். அதற்குக் கடிக்கவே தெரியாது. தோலைக் குத்துகிற வாய் அதற்கு இல்லை. பாத்ரூம் தண்ணீர் போகிற குழாயின் உள்சுவரில் வழவழவென்று ஒரு கசடு படியும், அதில்தான் அதன் புழு வளர்கிறது. ஆசிட் ஊற்றுவதில் பெரிய பயனில்லை. தண்ணீர் போகும் துளையின் மூடியைக் கழற்றி, நீளக் காம்பு பிரஷ்ஷால் உள்ளே நன்றாகத் தேய்த்துக் கசடை எடுங்கள். வாரம் ஒருமுறை என்று 3 வாரம் செய்தால் பூச்சி நின்றுவிடும்.

நீங்கள் குழம்பியதில் தப்பில்லை. சாக்கடை ஈயும் மணல் ஈயும் ஒரே குடும்பம், சைக்கோடிடே என்று பெயர். பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிர் மண்டிய உடம்பு இரண்டுக்கும் பொது. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களே முதல் வாரம் சாக்கடை ஈயைக் குப்பியில் போட்டுக்கொண்டு ‘சார், கிடைச்சிடுச்சு’ என்று ஓடி வருவார்கள்.

நிஜமான மணல் ஈ இன்னும் சின்னது. 2, 3 மில்லிமீட்டர்தான், கொசுவில் மூன்றில் ஒரு பங்கு. வெளிறிய மணல் நிறம். உட்காரும்போது இரண்டு சிறகையும் மேலே தூக்கி ‘வி’ வடிவத்தில் நிறுத்திக்கொள்ளும். இந்த ஒரு அடையாளம் போதும். கொசு மாதிரி காதோரம் வந்து பாடாது, சத்தமே இருக்காது. நேராகப் பறக்கவும் அதனால் முடியாது, சுவரில் தத்தித் தத்தித்தான் நகரும். பெண் பூச்சி மட்டும், முட்டையிட ரத்தம் வேண்டும் என்பதற்காக, இருட்டிய பிறகு வந்து கடிக்கும். பகலில் சுவர் விரிசல், எலி வளை, கொட்டகையின் ஈர மூலை என்று எங்காவது ஒளிந்துகொள்ளும்.

பெயரில் மணல் இருப்பதால்தான் காசிமேட்டுக் கவலை வந்திருக்கிறது. அந்தப் பெயர் நிறத்தைப் பார்த்து வைத்தது. கடற்கரை உப்பு மணலில் அது முட்டையிடாது. அதற்கு வேண்டியது நிழல், ஈரம், மக்கிய சாணமோ இலைதழையோ கலந்த மண். கொசுவைப் போலத் தேங்கிய தண்ணீரும் தேவையில்லை. முட்டையிலிருந்து பூச்சியாக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும், அத்தனை நாளும் புழு அந்த மண்ணிலேயே தின்று வளரும். கடற்கரையில் சாயங்காலம் காலைச் சுள்ளென்று கடிப்பது வேறு ஜாதிக் குட்டிப் பூச்சி. வெளிநாட்டில் அதையும் மணல் ஈ என்றே கூப்பிடுகிறார்கள், இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். உங்கள் மகள் தாராளமாக மணல் வீடு கட்டட்டும். மீன் ஏலம் நடக்கிற பக்கம் மட்டும் வெறுங்காலோடு விடாதீர்கள், அங்கே கிடக்கும் தூண்டில் முள்ளுக்குத்தான் நான் பயப்படுவேன்.

சரி, நோய்க்கு வருவோம். காலா அசார் என்பது லீஷ்மேனியாசிஸில் ஒரு வகை. லீஷ்மேனியாசிஸ் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியில் பல இனங்கள், மணல் ஈயிலும் உலகம் முழுக்க 900க்கு மேற்பட்ட இனங்கள். அதில் மனிதனுக்கு இந்த நோயைக் கொண்டுவருவது 100 அளவில்தான் இருக்கும். ஒவ்வொரு ஒட்டுண்ணிக்கும் ஒத்துப்போகிற ஈ உண்டு, மற்ற பல ஈக்களின் குடலில் அது பிழைக்காது. ராஜஸ்தானின் பிகானேர் பக்கம் ஃபிளெபோடோமஸ் செர்ஜென்டி என்ற ஈ பரப்புவது தோலில் புண் வரும் வகை. மத்தியதரைக்கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் நாயிடமிருந்து ஈக்குப் போய் மனிதனுக்கு வருகிற வகை உண்டு. உங்கள் வாட்ஸ்அப்பில் நாய் நுழைந்தது அங்கிருந்துதான். நம் நாட்டுக் காலா அசாரில் நாய்க்குப் பங்கில்லை. இங்கே ஒட்டுண்ணி லீஷ்மேனியா டோனோவானி, அதைச் சுமக்கும் ஈ ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ், ஒட்டுண்ணி தங்கியிருக்கும் இடம் மனித உடம்பு. இந்த மூன்றும்தான் கணக்கு. இதே ஈயும் இதே ஒட்டுண்ணியும் இலங்கையில் பெரும்பாலும் தோல் புண்ணோடு நின்றுவிடுகின்றன. கேரளத்தில் அகத்தியமலைக் காணிப் பழங்குடிகளிடமும் தோல் நோயாகவே பார்த்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் ஒட்டுண்ணியின் உட்பிரிவு, ஈயின் உட்பிரிவு என்று பேச்சு நீளும். அர்ஜென்டிபெஸ் என்று நாங்கள் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்ததே மூன்று இனங்களின் கூட்டு என்று 2010இல் பிரித்துக் காட்டினார்கள்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் கிடைப்பது செர்ஜென்டோமையா என்ற இன்னொரு கூட்டம். அதற்குப் பல்லி ரத்தம்தான் இஷ்டம். மேற்படி நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆக, உங்கள் வீட்டில் ஒரு நாள் உண்மையிலேயே ‘வி’ சிறகு மணல் ஈ அகப்பட்டாலும், அது பல்லிக்காக வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மாட்டுக்கொட்டகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது நியாயமான கேள்வி. அர்ஜென்டிபெஸ் தமிழ்நாட்டிலும் உண்டு, அதற்கு மாட்டு ரத்தமும் பிடிக்கும், சாணம் கலந்த ஈர மண்ணும் பிடிக்கும். பயிற்சிக்காகப் பீகார் போயிருந்தபோது வைஷாலி பக்கம் ஒரு கிராமத்தில் இரவு தங்கினேன். மண் சுவர் வீடு, சாணி மெழுகிய தரை, வாசலிலேயே எருமை, அதன் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் குழந்தைகள். விடியற்காலையில் டார்ச் அடித்து, வாயால் உறிஞ்சிப் பிடிக்கிற குழாயை வைத்துக்கொண்டு சுவரைத் தடவினால் அரை மணியில் ஒரு குப்பி நிறைந்தது. (அந்தக் குழாயோடு நம்மூரில் தெருவில் நின்றால் ‘என்ன சார், புது மாதிரி பீடியா?’ என்று கேட்பார்கள்.) உங்கள் தெருவில் சிமென்ட் தரை, பூசிய சுவர். கொட்டகைக்காரர் சாணத்தை அன்றன்றே அள்ளிவிட்டு, சுவரடி விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால் ஈ வளர இடம் குறைந்துவிடும். அதை அவரிடம் நேரில், நல்ல விதமாகச் சொல்லுங்கள். மாட்டை விரட்டச் சொல்ல வேண்டாம். அவர் கேட்கவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம்.

இப்போது முக்கியமான இடம். மாடிப் பையனிடமிருந்து உங்கள் மகளுக்கு நோய் வர வேண்டும் என்றால் என்னவெல்லாம் நடக்க வேண்டும்? சரியான இன ஈ அவனைக் கடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் ரத்தத்தில் போதுமான ஒட்டுண்ணி இருக்க வேண்டும். ஈயின் குடலில் அது பெருகித் தொண்டை வரை வந்து சேர ஒரு வாரம் அளவு ஆகும், அதுவரை அந்த ஈ செத்துப் போகாமல் இருக்க வேண்டும். அதன் ஆயுளே சில வாரம்தான். அப்புறம் அது தத்தித் தத்தி வந்து உங்கள் மகளைத் தேடிக் கடிக்க வேண்டும். தொட்டால், இருமினால், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் வராது. பீகாரில் இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தது, ஏனென்றால் ஒரே கிராமத்தில் மருந்து கிடைக்காத நோயாளிகள் பலர், ஈக்கள் ஆயிரக்கணக்கில். உங்கள் தெருவில் ஒரே ஒரு நோயாளி, அவனும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

அந்தக் கடைசி விஷயம்தான் பெரியது. 2014இலிருந்து அரசு திட்டத்தில் கொடுக்கிற மருந்து லைப்போசோமல் ஆம்போடெரிசின், உடம்பு எடைக்கு ஏற்ப ஒரே முறை நரம்பில் ஏற்றுவார்கள். பீகாரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: சிகிச்சைக்கு முன் நோயாளியைக் கடித்த ஈக்களுக்கு ஒட்டுண்ணி தொற்றியது, சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கடிக்க விட்டபோது ஏறக்குறைய தொற்றவே இல்லை. மருந்து ஏறிய பையனால் இப்போதைக்கு உங்களுக்கு ஆபத்து இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அவனைத் துரத்தினால் என்ன ஆகும்? சிகிச்சை முடிந்தவர்களில் சிலருக்குச் சில மாதங்களிலோ ஓரிரு வருடத்திலோ முகத்திலும் உடம்பிலும் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் வரும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். தொழுநோய் என்று தப்பாக நினைத்துவிடவும் கூடும். ஆனால் அந்தத் திட்டில் ஒட்டுண்ணி இருக்கிறது, ஈ கடித்தால் அதற்குத் தொற்றும். அதனால்தான் 6 மாதம், 12 மாதம் என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள். விலாசம் தெரிந்த ஆளைத்தான் அப்படிப் பார்க்க முடியும். காலி செய்யச் சொன்னால் அந்த 7 பேரும் மாதவரத்திலோ எண்ணூரிலோ ஏதோ ஒரு தகரக் கொட்டகைக்குப் போவார்கள், அடுத்த முறை காய்ச்சல் வந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். கையெழுத்து வாங்குகிறவர்கள் எதைத் தடுக்க நினைக்கிறார்களோ, அதற்குத்தான் வழி செய்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் தெருக்காரர்கள் இதைப் பீகார் நோய் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லலாம். இந்த ஒட்டுண்ணியை அடையாளம் கண்ட இருவரில் ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் வேலை பார்த்தவர். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவான் என்ற மருத்துவர், 1903 ஜூனில், இறந்துபோன ஒரு நோயாளியின் மண்ணீரலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது கண்டார். லண்டனில் வில்லியம் லீஷ்மன் அதற்குச் சற்று முன்புதான், கல்கத்தாப் பக்கத்து டம்டம்மில் பணியாற்றிவிட்டு வந்து இறந்த சிப்பாயின் மண்ணீரலில் கண்டதை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து ரொனால்ட் ராஸ் வைத்த பெயர்தான் லீஷ்மேனியா டோனோவானி. டோனோவான் பார்த்த நோயாளிகள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. அந்தக் காலத்தில் சென்னையிலேயே காலா அசார் இருந்தது, அதிலும் ஜார்ஜ் டவுன் பகுதியில். உங்கள் தெருவிலிருந்து தெற்கே நடந்தால் வருகிற அதே ஜார்ஜ் டவுன். (டோனோவான் பட்டாம்பூச்சிப் பைத்தியமும்கூட, நீலகிரியில் வலையோடு அலைவார். எங்கள் ஜாதிக்காரர் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.)

நோய் யாரால் பரவுகிறது என்பது அப்போது தெரியவில்லை. பேட்டன் என்பவர் 1907 வாக்கில் சென்னையில் உட்கார்ந்து மூட்டைப்பூச்சிதான் என்று நம்பி, அதன் வயிற்றை அறுத்து அறுத்துப் பார்த்தார். 1924இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் அர்ஜென்டிபெஸ் ஈயின் குடலில் ஒட்டுண்ணி வளர்வதைக் காட்டினார்கள். ஆனால் கடித்துப் பரப்புகிறதா என்பதை நிரூபிக்க முடியாமல் பல வருடம் திண்டாடினார்கள். கடைசியில் உதவியது உலர்திராட்சை. ஒருமுறை ரத்தம் குடித்த ஈக்குத் திரும்பவும் ரத்தம் கொடுக்காமல் திராட்சை கொடுத்தபோது, சர்க்கரையைக் குடித்து அது நீண்ட நாள் உயிரோடு இருந்தது, ஒட்டுண்ணியும் தொண்டையை அடைக்கிற அளவுக்குப் பெருகியது. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தாமாக முன்வந்தவர்களை அப்படிப்பட்ட ஈக்களைக் கடிக்க விட்டு நோய் வருவதைக் காட்டினார்கள். இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் வேண்டுமென்றே பரப்பப் பார்த்தவர்களுக்கே அத்தனை வருடம் பிடித்தது.

2 நாளில் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகும் என்ற செய்தி வேறு நோயுடையது. சண்டிபுரா வைரஸ், 1965இல் நாக்பூர் பக்கத்துக் கிராமத்தில் கண்டறிந்தது, 2024இல் குஜராத்தில் பரவியது. அதையும் மணல் ஈதான் பரப்புகிறது, அதனால் யாரோ இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். காலா அசார் நிதானமானது. கடித்து 2 மாதத்திலிருந்து 6 மாதம் கழித்துத்தான் பொதுவாகத் தெரியவரும். 2 வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், மலேரியா மருந்துக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காமல் இருப்பது, இளைத்துக்கொண்டே போவது, இடப்பக்கம் விலாவுக்குக் கீழே மண்ணீரல் கல் மாதிரி தட்டுப்படுவது. இவை இருந்தால் கவனிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் உயிரை எடுக்கிற நோய்தான், ஆனால் பார்த்துவிட்டால் குணமாகிற நோய். உங்கள் மகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஸ்டான்லியிலோ தொண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையிலோ காட்டுங்கள். ‘பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தார்’ என்பதையும் சொல்லுங்கள். காய்ச்சலோடு வலிப்பு வந்தால் மட்டும் காரணம் எதுவானாலும் அந்த நிமிடமே ஓடுங்கள்.

மற்றபடி ராத்திரியில் கொசுவலை கட்டினால் நல்லதுதான், ஆனால் சாதாரண வலையின் கண்ணில் மணல் ஈ நுழைந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து தோய்த்த வலை பரவாயில்லை. அதைவிட ஃபேன் காற்று பலன் தரும், அந்தப் பூச்சியால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். டெங்குக் கொசு இருக்கிற ஊரில் மணல் ஈக்குப் பயந்து மொட்டைமாடித் தொட்டியை மூட மறந்துவிடாதீர்கள்.

மாடியில் இருக்கும் மற்ற 6 பேரில் யாருக்காவது விடாத காய்ச்சலோ, தோலில் திட்டோ இருக்கிறதா என்று யாராவது போய்க் கேட்க வேண்டும். விரல் நுனி ரத்தத்தில் சில நிமிடங்களில் பார்க்கிற சோதனை இருக்கிறது. 104க்குப் பேசினால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். இந்தி தெரிந்த யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள், கையில் ஒரு டம்ளர் டீயோடு போனால் இன்னும் நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை என்றால், நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நாங்கள் வேலையில் செய்வதுதான். வெள்ளைத் தாள் நான்கைந்து எடுத்து, இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவுங்கள். கொட்டகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சாயங்காலம் 6 மணிக்கு 2 தாளைக் கொட்டகைச் சுவரோரம் தரைக்கு மேல் ஒரு ஜாண் உயரத்தில் தொங்கவிடுங்கள், மீதியை உங்கள் வீட்டுப் பின்பக்கம். விடிந்ததும் எடுத்து, ஒட்டியிருக்கிற பூச்சிகளைத் தாளோடு டிபன் டப்பாவில் போட்டு மூடி எனக்கு அனுப்புங்கள். எந்தத் தாள் எங்கே தொங்கியது என்று பென்சிலில் எழுதியிருக்கட்டும், பேனா மை எண்ணெயில் கலைந்துவிடும்.